எண்ணெய் தீர்ந்துவிடுமா? ஆலத்தியூர் பாறையிலிருந்து வளைகுடா வரை ஒரு பார்வை

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் உள்ள ஆலத்தியூரை வெளியூர்க்காரர்கள் சிமெண்ட் ஆலையை வைத்துத்தான் அறிவார்கள். 1997-ல் தொடங்கிய அந்த ஆலையைச் சுற்றியும், அரியலூர் வட்டாரம் முழுவதும் பரவிக் கிடக்கும் சுரங்கங்களிலும் வெட்டப்படுவது சுண்ணாம்புக்கல். கையில் எடுத்துப் பார்த்தால் அதில் சிப்பிகளின் ஓடுகள் கண்ணுக்குத் தெரியும். இன்று கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் இந்த மண், சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலின் அடித்தளமாக இருந்தது. அந்தக் கடலும் அதற்கு முந்தைய கடல்களும் விட்டுச் சென்ற படிவுகளில்தான் காவிரிப் படுகையின் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன.

இன்னொரு வகையிலும் நம் பகுதி எண்ணெயோடு பிணைந்திருக்கிறது. வி.களத்தூர், லப்பைக்குடிக்காடு போன்ற நம் ஊர்களில் வளைகுடா நாடுகளில் ஒருவரேனும் வேலை பார்க்காத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே எழுந்து நிற்கும் வீடுகளில் பல அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்தவை. அதனால் "அரபு நாட்டு எண்ணெய் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும்?" என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுகிறது. சிலர் இருபது வருடம் என்கிறார்கள், சிலர் நூறு என்கிறார்கள். இரண்டுமே காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வதுதான். உண்மையில் கணக்கு என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

நம் காலடியில் இருப்பது

ஆங்கிலேயர் காலத்தில், 1862-ல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டப் பாறைகளைப் பற்றி எழுதியபோது அவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். புவியியல் படிப்பவர்கள் இன்றும் இந்தப் பெயர்களைப் பயன்படுத்துகிறார்கள். பிறகு எண்ணெய் தேடியவர்கள் ஆழத்தில் கண்ட பாறை அடுக்குகளுக்கும் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். அவற்றில் முக்கியமானது ஆண்டிமடம் அடுக்கு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தக் களிப்பாறையில் புதைந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும்தான் காவிரிப் படுகையின் எண்ணெய்க்கு மூலப் பொருள்களில் ஒன்று.

அப்படியானால் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது, ஆலத்தியூரில் ஏன் சுண்ணாம்புக்கல் மட்டும்? காரணம் ஆழம். உயிர்ப்பொருள் கலந்த களிப்பாறை இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, 60 முதல் 120 டிகிரி வெப்பத்தில் பல லட்சம் ஆண்டுகள் வெந்தால்தான் எண்ணெய் பிறக்கும். பிறந்த எண்ணெய் மேலே கசிந்து வரும்போது, அதை உறிஞ்சி வைத்துக்கொள்ள மணற்பாறையும் அதன் மேல் மூடிபோல ஒரு கெட்டியான பாறையும் வேண்டும். கிழக்கே டெல்டாவின் அடியில் இவை அனைத்தும் அமைந்தன. ஆலத்தியூர்ப் பக்கம் அதே காலத்துப் பாறைகள் மேலே வந்து வெயிலில் கிடக்கின்றன. மூடி இல்லாத பானையில் எதுவும் தங்காது.

மாவட்டத்தின் மற்ற பகுதிகளில் எண்ணெய் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு முழுவதுமாகப் போய்விடவில்லை. 2021-ல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் அரியலூர் மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகளும் கடலூர் மாவட்டத்தில் 5 கிணறுகளும் தோண்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். தமிழக அரசு அனுமதி தர மறுத்தது. 2020-ல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இடம்பெற்றன; அரியலூர் இடம்பெறவில்லை. ஆகவே இங்கே பாதுகாப்பாக இருப்பது அரசின் முடிவே தவிர, அந்தச் சட்டம் அல்ல. இந்த வேறுபாட்டை நம் விவசாயிகள் மறக்கக் கூடாது.

தேசிய அளவில் பார்த்தால் இதெல்லாம் சிறு துளி. 2024-25-ல் இந்தியா சொந்த மண்ணிலும் கடலிலும் எடுத்த கச்சா எண்ணெய் சுமார் 2.9 கோடி டன். இறக்குமதி செய்தது 24 கோடி டன்னுக்கும் மேல். காவிரிப் படுகையின் பங்கு சில லட்சம் டன்தான். ஒரு கிராமத்தின் நிலத்தடி நீரைப் பணயம் வைத்து எடுக்கும் எண்ணெய் நாட்டின் எத்தனை மணி நேரத் தேவைக்கு வரும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

இருப்பு என்பது என்ன?

இனி உலகக் கணக்குக்கு வருவோம். பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் முழுவதையும் 'இருப்பு' என்று சொல்வதில்லை. இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலையில், எடுத்தால் கட்டுப்படியாகும் என்று உறுதிசெய்யப்பட்ட அளவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். விலை ஏறினால் இருப்பு கூடும், விலை இறங்கினால் குறையும். கிணற்றில் தண்ணீர் அளப்பதுபோல் கயிறு விட்டு அளக்கும் விஷயமல்ல இது.

இன்று உலகின் உறுதிசெய்யப்பட்ட இருப்பு சுமார் 1.7 லட்சம் கோடி பீப்பாய். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். நாளொன்றுக்கு உலகம் செலவழிப்பது 10 கோடி பீப்பாய்க்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் 50 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. "ஐம்பது வருடத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆனால் 1980-ல் இதே கணக்கைப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? அப்போது இருப்பு சுமார் 68,000 கோடி பீப்பாய். அன்றைய செலவின்படி 30 ஆண்டுக்கும் குறைவு. அதன்படி 2010-க்குள் உலகில் எண்ணெய் வற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு உலகம் ஒரு லட்சம் கோடி பீப்பாய்க்கு மேல் எரித்துவிட்டது. இருப்போ அன்றைக்கு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக நிற்கிறது. புதிய வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன, பழைய வயல்களிலிருந்து கூடுதலாக எடுக்கக் கற்றுக்கொண்டார்கள், கனடாவின் எண்ணெய் மணலும் வெனிசுலாவின் கெட்டி எண்ணெயும் கணக்கில் சேர்ந்தன.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1980-களின் பிற்பாதியில் குவைத், அமீரகம், ஈராக், ஈரான், சவூதி அரேபியா ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் இருப்பை ஒரேயடியாக உயர்த்தி அறிவித்தன. அமீரகத்தின் கணக்கு ஒரே தாவலில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. அந்த அளவுக்குப் பெரிய வயல் எதுவும் அப்போது புதிதாகக் கிடைக்கவில்லை. யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று ஒபெக் அமைப்பு பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இருப்பு அதிகமாக உள்ளவர் பெரிய பங்கு கேட்கலாம். முந்தைய கணக்கு மேலைநாட்டு நிறுவனங்கள் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஒபெக் வெளியிடும் பட்டியலின்படி வெனிசுலா 30,300 கோடி பீப்பாயுடன் முதலிடம். சவூதி 26,700 கோடி, ஈரான் 20,800 கோடி, ஈராக் 14,500 கோடி, அமீரகம் 11,300 கோடி, குவைத் 10,100 கோடி என்று அது தொடர்கிறது. ஒபெக்கில் இல்லாத கனடாவுக்கும் 16,000 கோடிக்கு மேல் உண்டு. உலகிலேயே அதிக இருப்பு வைத்திருக்கும் வெனிசுலாவின் மக்கள் லட்சக்கணக்கில் பிழைப்புத் தேடி அண்டை நாடுகளுக்குப் போனதை உலகம் பார்த்தது. அந்த நாட்டின் எண்ணெய் தார்போலக் கெட்டியானது. எடுக்கவும் சுத்திகரிக்கவும் செலவு அதிகம். அதோடு பொருளாதாரத் தடையும் நிர்வாகச் சீர்கேடும் சேர்ந்துகொண்டன. மண்ணுக்கடியில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு.

யார் எடுக்கிறார்கள், என்ன செலவில்?

உற்பத்தியில் முதலிடம் சவூதிக்கு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். முதலிடம் அமெரிக்காவுக்கு. 1970-ல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்துகொண்டே போன அமெரிக்க உற்பத்தி, 2008-ல் நாளுக்கு 50 லட்சம் பீப்பாயாகக் குறைந்திருந்தது. ஷேல் பாறைகளை உயர் அழுத்தத் தண்ணீரால் பிளந்து எடுக்கும் முறை வந்ததும் நிலைமை தலைகீழானது. 2024-ல் அது நாளுக்கு 1.3 கோடி பீப்பாயைத் தாண்டியது. வேறெந்த நாடும் இந்த அளவு எடுத்ததில்லை. சவூதியும் ரஷ்யாவும் அதற்கு அடுத்த இடங்களில், நாளுக்கு 90 லட்சம் பீப்பாய் அளவில் நின்றன.

ஆனால் செலவில் சவூதியை யாரும் நெருங்க முடியாது. 1948-ல் கண்டுபிடிக்கப்பட்ட கவார் வயல் 280 கிலோமீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல் அதுதான். அல்லாஹ் அந்தப் பாலைவனத்துக்குக் கொடுத்த அருட்கொடை அது. அராம்கோ நிறுவனம் 2019-ல் பங்கு வெளியிட்டபோது, ஒரு பீப்பாயை மேலே கொண்டுவர ஆகும் செலவு 3 டாலருக்கும் குறைவு என்று கணக்குக் காட்டியது. அமெரிக்காவில் புதிதாக ஒரு ஷேல் கிணறு தோண்ட, விலை 60 டாலருக்கு மேல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஆகவே உலகம் ஒருநாள் எண்ணெய் வாங்குவதைக் குறைக்கத் தொடங்கினால் முதலில் கடையைச் சாத்த வேண்டியவர்கள் மற்றவர்கள். கடைசி வரை விற்கக்கூடியவர்கள் வளைகுடா நாட்டினர்.

தேவை எங்கே போகிறது?

எண்ணெயில் பெரும்பகுதி வண்டி, லாரி, கப்பல், விமானம் ஓட்டத்தான் போகிறது. அந்த இடத்தில்தான் மாற்றம் வந்திருக்கிறது. 2024-ல் உலகில் விற்ற மின்சாரக் கார்கள் 1.7 கோடிக்கு மேல்; புதிய கார்களில் ஐந்தில் ஒன்று. சீனாவில் ஏறத்தாழ பாதி. இதையெல்லாம் வைத்து சர்வதேச எரிசக்தி முகமை 2025-ல் வெளியிட்ட அறிக்கையில், உலகத் தேவை இந்தப் பத்தாண்டின் இறுதியில் நாளுக்கு 10.55 கோடி பீப்பாய் அளவில் நின்றுவிடும் என்றது. ஒபெக் அதே ஆண்டில் நேர்மாறாக, 2050-ல் தேவை 12.3 கோடி பீப்பாய்க்கு உயரும் என்றது. சில மாதம் கழித்து எரிசக்தி முகமையே, அரசுகள் இப்போதைய கொள்கைகளோடு நின்றுவிட்டால் 2050-ல் 11.3 கோடி வரை போகலாம் என்று இன்னொரு கணக்கையும் சேர்த்தது. வாங்கும் நாடுகளின் அமைப்பு குறையும் என்கிறது, விற்கும் நாடுகளின் அமைப்பு கூடும் என்கிறது. அவரவர் விருப்பம் அவரவர் கணக்கில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இந்தியாவின் தேவை உயரும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாளுக்கு 55 லட்சம் பீப்பாய் அளவில் செலவழிக்கும் நம் நாடு, 2030-க்குள் இன்னும் 10 லட்சம் பீப்பாயாவது கூடுதலாகக் கேட்கும். ஆனால் அது வளைகுடாவிடம்தான் கேட்கும் என்று சொல்ல முடியாது. 2022-க்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், உக்ரைன் போருக்குப் பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது.

மின்சார வண்டி வந்தாலும் எண்ணெய் வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் இருக்கும். பெரம்பலூர் அருகே நாரணமங்கலம் டயர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். டயருக்கான செயற்கை ரப்பரும் கரித்தூளும் எண்ணெயிலிருந்து வருபவை. மின்சாரக் காருக்கும் டயர் வேண்டும். சிமெண்ட்டும் அப்படியே. சுண்ணாம்புக்கல் சூளையில் 1,450 டிகிரி வெப்பத்தில் வெந்துதான் கிளிங்கர் ஆகிறது. இந்தியச் சிமெண்ட் ஆலைகள் அந்தச் சூளைக்கு நிலக்கரியோடு பெட்கோக் என்ற பொருளையும் எரிக்கின்றன. சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலும் டீசலும் பிரித்தெடுத்தபின் அடியில் மிஞ்சும் கரி அது. கந்தகம் அதிகம் என்பதால் பெட்கோக்கை எரிபொருளாக இறக்குமதி செய்வதற்கு 2018-ல் தடை வந்தபோது, சிமெண்ட் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது; கந்தகத்தைச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்பது காரணம். ஏழு கோடி ஆண்டு பழைய கடல் சிப்பியை, அதைவிடப் பழைய கடல் உயிர்களின் கரியால் வேகவைத்து நாம் வீடு கட்டுகிறோம்.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன?

எண்ணெய் நம் பிள்ளைகள் காலத்தில் தீரப்போவதில்லை. நம் குடும்பங்களைத் தொடுவது அதன் விலை. ஒரு பீப்பாயை 3 டாலரில் எடுத்தாலும், சவூதி அரசின் பட்ஜெட்டில் துண்டு விழாமல் இருக்க 90 டாலருக்கு மேல் விலை வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் சமீப ஆண்டுகளின் மதிப்பீடு. அமீரகத்துக்கு 50 டாலர் அளவு போதும். அந்த இடைவெளியில்தான் நம்மவர்களின் வேலை தொங்குகிறது.

நடந்ததைப் பார்ப்போம். 2014 ஜூனில் 115 டாலராக இருந்த விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. சவூதி அரசு ஒப்பந்த நிறுவனங்களுக்குப் பணம் தருவதைத் தாமதித்தது. 2016 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல், முகாம்களில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் தவித்தார்கள். மத்திய இணையமைச்சர் வி.கே.சிங் ஜித்தாவுக்கே போக வேண்டியிருந்தது. அப்போது கவாரில் எண்ணெய் ஒரு சொட்டும் குறைந்துவிடவில்லை.

அடுத்து வந்தது வரி. 2017 ஜூலையில் சவூதியில் குடும்பத்தை வைத்திருப்போர் ஆளுக்கு மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்றார்கள். ஆண்டுக்கு 100 ரியால் கூடி 2020-ல் அது 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 14,400 ரியால். அந்த ஆண்டுகளில் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக அறை எடுத்துத் தங்கிய சகோதரர்கள் நம் ஊர்களிலும் உண்டு. 2018-ல் 5 சதவீதமாக வந்த மதிப்புக்கூட்டு வரி, 2020-ல் கொரோனாவும் விலைச் சரிவும் சேர்ந்து வந்தபோது 15 சதவீதமானது. சொந்த நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டம் 2011-லேயே தொடங்கிவிட்டது.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஏழு செழிப்பான ஆண்டுகளில் சேமித்து வைத்ததுதான் ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்தைக் காப்பாற்றியது. குவைத் இதை ஓரளவு செய்தது. சுதந்திரம் அடையும் முன்பே, 1953-ல், எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்ய ஒரு வாரியம் அமைத்தது. 1976-ல் வருங்காலத் தலைமுறை நிதியைத் தொடங்கி வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கியது. நம்மில் பலர் இருபது வருட உழைப்பைக் கல்லிலும் சிமெண்டிலும் போட்டுவிட்டோம். ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஆள் இருக்கும் மாடி வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் வளைகுடா ஆறு நாடுகளின் பங்கு 2016-17-ல் 47 சதவீதம். 2023-24-ல் 38 சதவீதம். அந்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து மட்டும் 27.7 சதவீதம் வந்தது. படித்துத் தொழில் கற்றுப் போனவர்கள் அனுப்பும் பணம் கூடுகிறது. உடல் உழைப்பை நம்பிப் போனவர்களின் பங்கு சுருங்குகிறது. வளைகுடாவிலேயேகூடச் சூரிய மின்நிலையங்களும் துறைமுகங்களும் தளவாடக் கிடங்குகளும் எழுகின்றன. அங்கே எலக்ட்ரீஷியனுக்கும் வெல்டருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவனுக்கும் இடம் இருக்கிறது. சான்றிதழ் இல்லாத உதவியாளுக்கு இடம் குறைகிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் பாஸ்போர்ட் எடுக்க ஓடும் பையனை இரண்டு வருடம் ஐ.டி.ஐ.யில் உட்கார வைக்க வேண்டிய காலம் இது.

சவூதியே தன் கணிப்பை மாற்றிக்கொண்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. அராம்கோவின் உற்பத்தித் திறனை நாளுக்கு 1.2 கோடி பீப்பாயிலிருந்து 1.3 கோடியாக உயர்த்தும் பணிகள் நடந்துகொண்டிருந்தன. 2024 ஜனவரியில் அதை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. எண்ணெய் இல்லாமல் அல்ல. கூடுதலாக எடுத்து விற்க அவசரம் இல்லை என்று முடிவு செய்ததால்.

ஆகவே "எத்தனை வருடத்துக்கு எண்ணெய் இருக்கிறது" என்று கேட்பதைவிட, வளைகுடாவில் ஆள் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டிய எண்கள் மூன்று. பிரெண்ட் கச்சா எண்ணெயின் விலை பல மாதங்களாக எந்த அளவில் நிற்கிறது என்பது ஒன்று. ஆண்டு முடிவில் சவூதி வெளியிடும் பட்ஜெட்டில் பற்றாக்குறை எவ்வளவு, புதிய கட்டுமானங்களுக்கு ஒதுக்கியது கூடியதா குறைந்ததா என்பது இரண்டாவது. மூன்றாவது, நம்மவர் வேலை பார்க்கும் துறையில் உள்நாட்டவருக்கு ஒதுக்கும் விகிதம். மூன்றும் அரபுச் செய்தித்தாள்களின் ஆங்கிலப் பதிப்புகளிலேயே கிடைக்கும். பணம் அனுப்பும் பிள்ளையிடம் போனில் கேட்டாலே சொல்லிவிடுவான்.